காய்கறி ராமென்

காய்கறி ராமென் என்பது ஜப்பானிய நூடுல்ஸ் உணவான ராமெனின் ஒரு வகையாகும். கோதுமை மாவைக் கார நீர் விட்டுப் பிசைந்து செய்த நூடுல்ஸ், உப்பும் சுவையூட்டிகளும் கலந்த சூடான சாறு, மேலே குவிக்கப்பட்ட காய்கறிகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இவ்வுணவு. ஜப்பானிய மொழியில் இதனை யசாய் ராமென் என்பர். யசாய் என்றால் காய்கறி. மிளகாய் எண்ணெய், மிளகாய் கலந்த மிசோ, அவரை மிளகாய் விழுது முதலியவற்றைச் சேர்த்து உறைப்பாகச் செய்யப்படும் வகைகள் ஜப்பானிலும் பிற நாடுகளிலுள்ள ஜப்பானிய நூடுல்ஸ் உணவகங்களிலும் விரும்பி உண்ணப்படுகின்றன.

பெயரில் காய்கறி இருப்பதனால் மட்டும் இது சைவ உணவு ஆகிவிடாது. பெரும்பாலான கடைகளில் காய்கறி ராமெனின் சாறு பன்றி எலும்பு, கோழி எலும்பு, உலர்மீன் ஆகியவற்றைக் கொதிக்கவைத்தே எடுக்கப்படுகின்றது. விலங்குப் பொருள் எதுவுமின்றி முழுவதும் தாவரப் பொருட்களால் ஆன ராமென் 2010களில்தான் தோக்கியோ போன்ற நகரங்களில் பரவலாக விற்பனைக்கு வரத் தொடங்கியது.

காரம் என்னும் சொல் தமிழில் மிளகாயின் சுவையையும், வேதியியலில் அமிலத்துக்கு எதிரான பொருளையும் குறிக்கின்றது. ராமெனில் இவை இரண்டும் உள்ளன. எனவே இக்கட்டுரையில் மிளகாய்ச் சுவைக்கு உறைப்பு என்ற சொல்லும், வேதிப் பொருளுக்குக் காரம் என்ற சொல்லும் ஆளப்படுகின்றன.

பெயர்

ராமென் என்னும் சொல் சீனமொழியின் லாமியன் என்பதிலிருந்து வந்தது எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. லாமியன் என்பதற்குக் கையால் இழுத்து நீட்டிய நூடுல்ஸ் என்பது பொருள். ஆயினும் இன்றைய ராமென் நூடுல்ஸ் இழுக்கப்படுவதில்லை; மாவைத் தகடாக உருட்டிக் கத்தியால் வெட்டியே செய்யப்படுகின்றது. அச்சில் பிழியப்படும் நம் இடியாப்பத்திலிருந்து இது வேறுபடுவதும் இவ்விடத்தில்தான்.

ஜப்பானில் முன்னாளில் இவ்வுணவு நாங்கின் சோபா, ஷினா சோபா என்று அழைக்கப்பட்டது. ஷினா என்பது சீனாவைக் குறிக்கும் பழைய சொல். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் அது இழிவுப் பொருள் தருவதாகக் கருதப்பட்டுக் கைவிடப்பட, சூக்கா சோபா என்ற பெயர் வழக்குக்கு வந்தது. 1958 ஆம் ஆண்டில் மொமோஃபுக்கு ஆந்தோ 'சிக்கன் ராமென்' என்னும் உடனடி நூடுல்சை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னரே ராமென் என்ற சொல் நாடெங்கும் நிலைபெற்றது.

வரலாறு

1859 இல் யோக்கோகாமா முதலிய துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்ட பின்னர் அங்கு குடியேறிய சீனர்கள் தம் நூடுல்ஸ் உணவுகளையும் உடன் கொண்டுவந்தனர். 1899 இல் நாகசாக்கியில் சென் பிங்சுன் என்னும் பூஜியன் மாகாணத்தவர் ஷிக்காய்ரோ என்ற உணவகத்தைத் தொடங்கினார். அங்கு சீன மாணவர்களுக்காக மலிவாகவும் வயிறு நிறையும்படியும் அவர் செய்து கொடுத்த உணவே சாம்பொன் என்று புகழ்பெற்றது. முட்டைக்கோஸ், முளைப்பயறு, கடலுணவு, பன்றி இறைச்சி ஆகியவற்றை வதக்கி, அதே சட்டியில் சாற்றையும் நூடுல்சையும் இட்டு வேகவைப்பது சாம்பொனின் முறை. காய்கறியை அலங்காரமாக மேலே வைக்காமல் உணவின் உடலாகவே ஆக்கிய முதல் ஜப்பானியச் சீன நூடுல்ஸ் உணவுகளில் இதுவும் ஒன்று.

1910 இல் தோக்கியோவின் அசாக்குசா பகுதியில் ரைரைக்கென் என்னும் கடை திறக்கப்பட்டது. இதனைத் தொடங்கிய ஒசாக்கி கான்இச்சி யோக்கோகாமாவில் சுங்கத்துறையில் பணியாற்றியவர். யோக்கோகாமாவின் சீனர் குடியிருப்பிலிருந்து சமையல்காரர்களை அழைத்துவந்து எளிய மக்களுக்கான விலையில் நூடுல்சை அவர் விற்றார். ஜப்பானில் ராமெனைப் பெருமக்கள் உணவாக்கிய கடை என்று இது குறிப்பிடப்படுகின்றது. 1976 இல் மூடப்பட்ட இக்கடை, 1994 முதல் இயங்கிவரும் ஷின்-யோக்கோகாமா ராமென் அருங்காட்சியகத்தில் 2020 இல் மீண்டும் உருவாக்கப்பட்டது.

போர் முடிந்தபின் அரிசித் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவு, தள்ளுவண்டி நூடுல்ஸ் வணிகத்துக்கு உரமாயிற்று. கொழுப்பும் மாவும் சேர்ந்த சூடான கிண்ணம் பசித்த நகரத்துக்கு ஏற்ற உணவாக இருந்தது. 1950களில் சப்போரோ நகரின் அஜி நோ சம்பெய் என்னும் கடையில் மிசோ கலந்த ராமென் உருவானது. வதக்கிய முளைப்பயறும் வெங்காயமும் இதில் சேர்க்கப்பட்டன. மிசோ என்பது அவித்த சோயா அவரையை உப்பும் நொதிக்கூழும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுது. அடர்ந்த சுவையுடைய இவ்விழுது உறைப்பைத் தாங்கவல்லது என்பதனால், பின்னாளில் தோன்றிய உறைப்பு ராமென்களில் பல இதனையே அடிப்படையாகக் கொண்டன.

இறைச்சியும் சாறும்

ராமென் இறைச்சிச் சாற்றோடு பிணைந்திருப்பது ஜப்பானியச் சமையலின் நீண்ட வரலாற்றில் அண்மைக்கால நிகழ்வேயாகும். 675 ஆம் ஆண்டில் தென்மு பேரரசர் ஆண்டின் ஒரு பகுதியில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்பதைத் தடை செய்தார். பௌத்தத்தின் செல்வாக்கினால் நாற்கால் விலங்குகளின் இறைச்சியைத் தவிர்க்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. மீன் உண்பது மட்டும் நிற்கவில்லை. 1872 இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்டதே இவ்வழக்கம் மாறியதன் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது. அதன் பின்னரே எலும்புச் சாற்று நூடுல்ஸ் தெருக்களில் இடம்பெற்றது.

இதற்கு இணையாக, ஜென் மடங்களில் ஷோஜின் ரியோரி என்னும் முழுச்சைவச் சமையல் வளர்ந்து வந்துள்ளது. சோத்தோ ஜென் மரபை நிறுவிய தோகென் துறவி 1237 இல் மடத்துச் சமையல்காரருக்கான அறிவுரைகளைத் தனி நூலாகவே எழுதினார். இச்சமையலில் மீனும் இல்லை; பூண்டு, வெங்காயம் போன்ற கடுமணமுள்ள பொருட்களும் விலக்கப்படுகின்றன. சாற்றுக்குக் கொம்பு எனப்படும் கடற்பாசியும் உலர்ந்த ஷீத்தாக்கே காளானும் பயன்படுகின்றன. (ஜப்பானியக் கொம்புக்கும் தமிழ்க் கொம்புக்கும் ஒலியைத் தவிர வேறு தொடர்பில்லை.) இன்றைய தாவர ராமென் புத்தம்புதியது போலத் தோன்றினாலும் அதன் சாறு இந்த மடத்துச் சமையலறையிலிருந்தே வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

உறைப்பின் வரவு

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 16 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாகவே அது இந்தியாவையும் ஜப்பானையும் அடைந்தது. தமிழர் தாம் முன்பே அறிந்த மிளகின் பெயரைக்கொண்டு இதனை மிளகாய் என்றனர். ஜப்பானியர் தாம் அறிந்த கடுகின் பெயரைக்கொண்டு தோகராஷி, அதாவது கடல்கடந்து வந்த கடுகு, என்றனர். பெயரிட்ட முறை ஒன்றாயினும் பயன்பாடு வேறுபட்டது. தமிழகத்துச் சமையலில் மிளகாய் உட்புகுந்துவிட்டது. ஜப்பானிலோ ஏழுபொருள் கலந்த தூளாகிய ஷிச்சிமியில் ஒரு கூறாக, நூடுல்சின் மேல் தூவப்படும் பொருளாகவே நெடுங்காலம் நின்றது. ஜப்பானிய மொழியின் கராய் என்னும் சொல் உறைப்பையும் சில இடங்களில் உப்புக் கரிப்பையும் குறிப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஜப்பானிய நூடுல்சுக்குள் மிளகாய் வலுவாக நுழைந்தது சிச்சுவான் சமையல் வழியாகவே. சிச்சுவானில் பிறந்த சென் கென்மின் என்னும் சமையல் வல்லுநர் 1952 இல் ஜப்பானுக்கு வந்து, 1958 இல் தோக்கியோவில் ஷிசென் ஹந்தென் உணவகத்தைத் தொடங்கினார். மாப்போ தோஃபு முதலிய சிச்சுவான் உணவுகளை ஜப்பானியர் நாவுக்கேற்ப மாற்றிப் பரப்பியவர் இவர். அவற்றுள் ஒன்றே தந்தன்மென்.

தந்தன்மென்னின் மூலமாகிய சிச்சுவான் உணவுக்குச் சாறு கிடையாது. தெரு வணிகர்கள் இருபுறமும் சுமை தொங்கும் தண்டைத் தோளில் தாங்கிச் சென்று விற்றதனால் அதற்கு அப்பெயர் ஏற்பட்டது. தன்தன் என்பது அத்தண்டைக் குறிக்கும். தமிழில் இதனைக் காவடி நூடுல்ஸ் என்று சொன்னால் பொருள் பிழையாகாது. தோளில் சுமப்பவர் கொதிக்கும் சாற்றைத் தூக்கிச் செல்ல இயலாது. சென் கென்மின் சாற்றைச் சேர்த்து, எள் விழுதால் உறைப்பைத் தணித்து, இதனை ராமென் பழக்கமுள்ளவர்களுக்கு ஏற்றதாக்கினார்.

வகைகள்

தான்மென் என்பது தோக்கியோவைச் சூழ்ந்த காந்தோ பகுதியில் வழங்கும் காய்கறி ராமெனாகும். முட்டைக்கோஸ், முளைப்பயறு, காரட், கரிய மரக்காளான், பூண்டு மணமுள்ள நிரா என்னும் கீரை ஆகியவற்றைச் சிறிது பன்றி இறைச்சியுடன் வதக்கி, உப்புச் சாற்றில் ஒரு கொதி விட்டு, நூடுல்சின் மேல் ஊற்றுவர். காய்கறியின் இனிப்புச் சாற்றில் இறங்குவதே இதன் சிறப்பு. பெயர் ஒலியில் தந்தன்மென்னைப் போலிருந்தாலும் இது உறைப்பற்றது. இரண்டையும் மாற்றிக் கேட்டு ஏமாறுவோர் உண்டு.

உறைப்புக் காய்கறி ராமென்களுள் மிகவும் அறியப்பட்டது மோக்கோ தான்மென். 1968 இல் தோக்கியோவின் இத்தாபாஷி பகுதியில் தொடங்கப்பட்ட நாக்காமோத்தோ என்னும் சீன உணவகம் இதனை உருவாக்கியது. வதக்கிய காய்கறி நிறைந்த மிசோ தான்மென்னின் மேல் சிவந்த மாப்போ தோஃபுவை ஊற்றிக் கொடுப்பது இதன் வடிவம். உரிமையாளர் 1998 இல் கடையை மூடியபோது, நெடுநாள் வாடிக்கையாளராக இருந்த ஒருவர் அவரிடம் தொழில் கற்று 2000 இல் மீண்டும் திறந்தார். இக்கடையின் உணவுப் பட்டியலில் ஒவ்வொரு உணவுக்கும் உறைப்பு எண் கொடுக்கப்பட்டிருக்கும். வடதுருவம் எனப் பொருள்படும் ஹொக்கியோக்கு ராமென் இங்கு உறைப்பு மிக்கது. குளிர்ந்த பெயரை நம்பி உண்பவர் வியர்த்துப் போவர். காய்கறி மிகுதியாக இருப்பினும் இவை இறைச்சி சேர்ந்தவையே.

கனகாவா மாகாணத்துக் கவாசாக்கியில் 1964 முதல் விற்கப்படும் தந்தன்மென்னில் எள் இல்லை. பூண்டும் பொடித்த மிளகாயும் கலக்கிய முட்டையும் உண்டு. சிபா மாகாணத்துக் கட்சுஊராவில் மிளகாய் எண்ணெயால் மேற்பரப்பு முழுவதும் சிவந்த தந்தன்மென் வழங்குகின்றது. குளிர்ந்த கடலில் வேலை செய்து திரும்பும் மீனவரும் முத்துக்குளிப்போர் போன்று மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களும் உடலைச் சூடாக்கிக்கொள்ள இதனை உண்டனர் என்பர். ஹிரோஷிமாவில் சாறற்ற வகை பெயர்பெற்றது. நகோயாவில் 1970களில் தோன்றிய 'தைவான் ராமென்' தைவானில் வழங்காத உணவு. தைவானைச் சேர்ந்த ஒருவர் மிசென் என்னும் தம் கடையில் உருவாக்கியதால் அப்பெயர் பெற்றது.

தாவர ராமென்

2011 இல் தோக்கியோ தொடருந்து நிலையத்தின் உட்பகுதியில் டீஸ் தந்தன் என்னும் கடை திறக்கப்பட்டது. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகிய எதுவும் இன்றி எள்ளும் நிலக்கடலையும் கொண்டு தந்தன்மென் செய்து கொடுத்த இக்கடை, நனிசைவ ராமென் என்ற கருத்தை வழிப்போக்கர்களிடையே அறிமுகம் செய்தது. கொத்திறைச்சிக்கு ஈடாகச் சோயாத் துணுக்குகள் இடப்பட்டன. சைவர்களுக்கான தனிக் கடையாக ஒதுங்காமல் தொடருந்து நிலையத்தின் நெரிசலில் இடம்பிடித்தது இதன் வெற்றிக்கு ஒரு காரணம் எனலாம்.

அதே ஆண்டில் தோக்கியோவில் சொரனொஈரோ என்னும் கடை திறக்கப்பட்டது. இதனைத் தொடங்கியவர் முன்னர் இப்புடோ நிறுவனத்தில் பணியாற்றியவர். காரட்டை மசித்துச் சேர்த்த சாற்றையும், சிவப்புக் குடைமிளகாய் பிசைந்த நூடுல்சையும் கொண்ட 'வெஜி சோபா' இக்கடையின் அடையாளமானது. யூசு என்னும் எலுமிச்சை இனக் கனியின் மணமூட்டிய ராமெனுக்குப் பெயர்பெற்ற அஃபுரி நிறுவனமும் தாமரைக் கிழங்கு சேர்த்த நூடுல்சுடன் நனிசைவ ராமென் ஒன்றை விற்றது.

1985 இல் ஃபுக்குஓக்காவில் தொடங்கப்பட்ட இப்புடோ பன்றி எலும்புச் சாற்றுக்கே பெயர்போன நிறுவனம். அதன் சிவப்புக் கிண்ணமாகிய அக்காமாரு, உறைப்பு மிசோ உருண்டையும் பூண்டு எண்ணெயும் சேர்ந்த ராமென். 2021 இல் இந்நிறுவனம் சோயாப் பாலை அடிப்படையாகக் கொண்டு, விலங்குப் பொருள் இல்லாத அக்காமாருவைக் குறுகிய காலத்துக்கு விற்பனை செய்தது. பன்றி எலும்பின் வெண்மையையும் கொழுமையையும் தாவரத்தால் போலச்செய்ய இயலும் என்பதனை எலும்புச் சாற்றுக் கடையே ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

2022 செப்டம்பரில் ஜப்பானிய அரசு, சைவ, நனிசைவப் பதப்படுத்திய உணவுகளுக்கும் அத்தகைய உணவு வழங்கும் உணவகங்களுக்கும் ஜாஸ் எனப்படும் வேளாண் தர நிர்ணயத்தை வகுத்தது. சான்று பெறுவது கடைக்காரரின் விருப்பத்தைப் பொறுத்தது.

சாற்றின் சுவை

எலும்பு இல்லாத சாறு நீர்த்துப்போகும் என்பது பழைய எதிர்ப்பு. அதில் பாதி உண்மையே உள்ளது. எலும்புச் சாற்றில் சுவை, கொழுமை ஆகிய இரண்டு தனித்தனிப் பண்புகள் உள்ளன. இவற்றுள் சுவையைத் தாவரத்திலிருந்து பெறுவது எளிது. கொழுமையைப் பெறுவதே அரிது.

1908 இல் தோக்கியோப் பேராசிரியர் கிக்குனாஏ இக்கேதா கொம்புச் சாற்றின் தனிச்சுவைக்குக் குளுட்டாமிக் அமிலமே காரணம் எனக் கண்டறிந்து, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913 இல் அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ உலர்ந்த கட்சுவோ மீனின் சுவைக்கு இனோசினிக் அமிலத்தைக் காரணமாகக் காட்டினார். பின்னர் 1950களின் இறுதியில் அக்கீரா குனினாக்கா, குவானிலிக் அமிலமும் இத்தகையதே என்றும், இவற்றுள் ஒன்றைக் குளுட்டாமேட்டுடன் கலந்தால் சுவை கூட்டலாக அன்றிப் பெருக்கலாக உயர்கின்றது என்றும் காட்டினார். உலர்ந்த ஷீத்தாக்கே காளானில் குவானிலிக் அமிலம் உண்டாகின்றது. எனவே கொம்பும் உலர்காளானும் சேர்ந்த மடத்துச் சாறு, மீனின் இடத்தைக் காளான் நிரப்பும் முழுமையான உமாமிச் சாறாகும். துறவிகள் பட்டறிவால் கண்டதை வேதியியல் எழுநூறு ஆண்டுகள் கழித்து விளக்கியது.

கொழுமையின் கதை வேறு. பன்றி எலும்பைப் பல மணிநேரம் கொதிக்கவைக்கும்போது எலும்பிலுள்ள கொலாஜென் ஊன்பசையாக மாறி, கொழுப்பைச் சிறுதுளிகளாக நீரில் கலந்து நிறுத்துகின்றது. அதனாலேயே சாறு பால்போல் வெளுத்து உதட்டில் ஒட்டுகின்றது. தாவரச் சாற்றில் இவ்வேலையைச் சோயாப் பால், எள் விழுது, நிலக்கடலை விழுது, மசித்த கிழங்கு ஆகியவை செய்கின்றன. சோயாவிலுள்ள புரதமும் லெசித்தினும் எண்ணெயை நீருடன் இணைத்து வைக்கின்றன. ஆனால் சோயாப் பாலை உப்பும் மிசோவும் உள்ள சாற்றில் ஊற்றிக் கொதிக்கவிட்டால் அது திரிந்துவிடும். இறுதியில் சேர்த்து, கொதி வருமுன் இறக்குவதே முறை.

உறைப்பும் எண்ணெயும்

ஆறு சுவைகளுள் ஒன்றாகக் கார்ப்பை நம் முன்னோர் எண்ணினர். இன்றைய உடலியங்கியல் அதனைச் சுவையாகக் கொள்வதில்லை. மிளகாயிலுள்ள காப்சைசின், சூட்டை உணரும் நரம்பு ஏற்பியொன்றைத் தூண்டுகின்றது. டேவிட் ஜூலியசும் அவர் குழுவினரும் 1997 இல் இவ்வேற்பியை அடையாளம் கண்டனர். இப்பணிக்காக அவர் 2021 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூடான சாறும் மிளகாயும் ஒரே ஏற்பியைத் தாக்குவதால், அதே அளவு மிளகாய் ஆறிய உணவில் இருப்பதைவிட ராமெனில் கூடுதலாக உறைக்கின்றது.

காப்சைசின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே மிளகாய்த் தூளை நேரடியாகச் சாற்றில் கொட்டினால் அடியில் தங்கித் தொண்டையை மட்டும் கமறச் செய்யும். இஞ்சி, வெங்காயத்தாள், நட்சத்திரச் சோம்பு ஆகியவற்றைக் காய்ந்த எண்ணெயில் மணக்கவிட்டு, அவற்றை அகற்றிய பின் அவ்வெண்ணெயை மிளகாய்த் தூளின் மேல் சிறிது சிறிதாக ஊற்றி ராயூ என்னும் மிளகாய் எண்ணெய் செய்யப்படுகின்றது. எண்ணெய் மிகைச் சூடாயின் தூள் கருகிக் கசக்கும். நம் சமையலறையில் தாளிப்பில் மிளகாய் கருகாமல் பார்த்துக்கொள்ளும் கவனமே இங்கும் வேண்டும். தந்தன்மென்னில் சிச்சுவான் மிளகும் சேரும். அதிலுள்ள சான்ஷூல் என்னும் பொருள் உறைப்பைத் தராமல் நாவை மரத்து நடுங்கச் செய்கின்றது. எள் விழுதும் சோயாப் பாலும் உறைப்பைத் தணிப்பதற்கு அவற்றிலுள்ள கொழுப்பும் புரதமும் காரணமாகும். தண்ணீர் குடிப்பதனால் பயன் குறைவு.

நூடுல்ஸ்

ராமென் நூடுல்சைப் பிற கோதுமை நூடுல்சிலிருந்து பிரித்துக்காட்டுவது கான்சுயி எனப்படும் கார நீர். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் இதன் முதன்மைக் கூறுகள். காரம் கோதுமையின் பசைப்புரதத்தை இறுக்கி நூடுல்சுக்குத் துள்ளும் தன்மையைத் தருகின்றது. மேலும் மாவிலுள்ள நிறமற்ற ஃபிளவனாய்டுகள் காரம் பட்டவுடன் மஞ்சளாகின்றன. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் ஆரத்தி நீர் சிவப்பதைப் போன்றதே இது. இம்மஞ்சள் நிறத்தைக் கண்டு முட்டை சேர்ந்தது என முடிவு செய்ய இயலாது. முட்டை சேர்க்காத ராமென் நூடுல்சே மிகுதி; ஆயினும் சில தயாரிப்புகளில் முட்டைத் தூள் சேர்க்கப்படுவதுண்டு.

வீட்டுச் செய்முறை

இருவருக்கான தாவர உறைப்பு ராமெனைப் பின்வருமாறு செய்யலாம். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 10 கிராம் கொம்பையும் நான்கு உலர் ஷீத்தாக்கே காளான்களையும் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் ஊறவைக்க வேண்டும். மறுநாள் மெல்லிய தீயில் சூடாக்கி, கொதிப்பதற்கு முன் கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் கடல் நாற்றமும் இறங்கும். காளானை மேலும் பத்து நிமிடம் வேகவிட்டு, எடுத்து நறுக்கிக்கொள்ளலாம்.

வேறொரு சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த இஞ்சியையும் பூண்டையும் வதக்கி, ஒரு மேசைக்கரண்டி அவரை மிளகாய் விழுதை இட்டு எண்ணெய் சிவக்கும் வரை கிளற வேண்டும். ஜப்பானில் பயன்படும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுக்கப்படுவது. நம் நல்லெண்ணெயைவிட மணம் கடுமையானது என்பதால் அது கிடைத்தால் சில துளி இறுதியில் விட்டால் போதும். பின்னர் சாற்றில் 600 மில்லிலிட்டரை ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி மிசோவையும் அதே அளவு எள் விழுதையும் கரைத்து, கடைசியில் இனிப்புச் சேர்க்காத சோயாப் பால் 200 மில்லிலிட்டரைக் கலந்து இறக்க வேண்டும். முட்டைக்கோஸ், காரட், முளைப்பயறு ஆகியவற்றை உயர்ந்த தீயில் மொறுமொறுப்புக் குறையாமல் தனியே வதக்குவது நலம். நூடுல்சைத் தனி நீரில் வேகவைத்து நீரை நன்கு வடித்துக் கிண்ணத்தில் இட்டு, சாற்றை ஊற்றி, காய்கறியைக் குவித்து, ராயூவை மேலே விட வேண்டும். நூடுல்ஸ் சாற்றில் ஊறினால் விரைவில் குழைந்துவிடுமாதலால், கிண்ணம் வந்தவுடன் உறிஞ்சி உண்பதே ஜப்பானிய வழக்கம்; உறிஞ்சும் ஒலி அங்கு அநாகரிகமாகக் கருதப்படுவதில்லை.

ராமென் நூடுல்ஸ் கிடைக்காத ஊர்களில் மெல்லிய ஸ்பகெட்டியைச் சிறிது சமையல் சோடா கலந்த நீரில் வேகவைத்தால் ஏறத்தாழ அதே மணமும் துள்ளலும் கிடைக்கும். சோடா மிகுந்தால் சவர்க்காரச் சுவை வரும்.

சைவர்கள் கவனிக்க வேண்டியவை

ஜப்பானில் நிகு நாஷி, அதாவது இறைச்சி வேண்டாம், என்று கேட்டால் மேலே வைக்கும் இறைச்சித் துண்டுகளை மட்டும் நீக்கித் தருவது இயல்பு. சாற்றை இறைச்சி என்று கடைக்காரர் கருதுவதில்லை. இதில் ஏமாற்றும் எண்ணம் ஏதுமில்லை. எனவே சாறு எதனால் ஆனது என்று தனியே கேட்க வேண்டும். தொன்கொத்சு என்பது பன்றி எலும்பையும், தோரிகாரா கோழி எலும்பையும், நிபோஷி உலர்ந்த சிறுமீனையும், கட்சுஓபுஷி சீவிய உலர்மீனையும் குறிக்கும்.

சாறு தாவரமாக இருப்பினும் கிண்ணத்தின் அடியில் ஊற்றப்படும் தாரே என்னும் செறிந்த சுவைநீரில் உலர்மீன் இருக்கலாம். தாஷி கலந்து விற்கப்படும் மிசோவிலும் அவ்வாறே. காய்கறி வதக்கப் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்தும் கடைகள் உண்டு. கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் இறாலும் மீன் சாறும், புட்டியில் வரும் சில மிளகாய் எண்ணெய்களில் உலர் இறாலும் சேர்கின்றன. நருத்தோ எனப்படும் இளஞ்சிவப்புச் சுழி வரைந்த வெள்ளை வில்லை, பார்ப்பதற்கு மாவுப் பண்டம் போன்றிருப்பினும் மீனால் ஆனது. மது அருந்தாதோர் தாரேயில் மிரின், சாக்கே ஆகிய அரிசி மதுக்கள் சேர்க்கப்படுவதையும், சமணர் முதலியோர் நனிசைவ ராமெனிலும் பூண்டும் வெங்காயமும் இருப்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கோதுமை, எள், சோயா, நிலக்கடலை ஆகியவை ஒரே கிண்ணத்தில் கூடுவது ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் பொதியுணவுகளுக்கு ஒவ்வாமைப் பொருள் அறிவிப்புக் கட்டாயம். உணவகத்தில் சமைத்துப் பரிமாறும் உணவுக்கு அக்கட்டாயம் இல்லை.

உப்பு

தாவர ராமென் உடலுக்கு நல்லது என்ற விளம்பரம் கொழுப்பைப் பொறுத்தவரை ஓரளவு பொருந்தலாம். உப்பைப் பொறுத்தவரை பொருந்தாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ண உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கின்றது. ஜப்பானிய அரசின் 2020 ஆம் ஆண்டு உணவூட்ட வரையறை ஆண்களுக்கு 7.5 கிராமும் பெண்களுக்கு 6.5 கிராமும் இலக்காக வைத்தது. மிசோ, சோயா சாஸ், அவரை மிளகாய் விழுது மூன்றும் உப்பில் புளித்தவை என்பதால், சாற்றையும் முழுவதும் குடித்தால் ஒரு கிண்ணமே ஒரு நாளின் அளவை எட்டவோ தாண்டவோ கூடும். உப்பின் பெரும்பகுதி சாற்றிலேயே இருப்பதால் நூடுல்சையும் காய்கறியையும் உண்டு சாற்றை மீதி வைப்போர் ஜப்பானில் பலர்.